சீட்டுக்கட்டு வித்தை: பல வருடப் பழக்கத்தில் எது தேறியது, எது தேறவில்லை

சீட்டுக்கட்டில் கைவித்தை பழக ஆரம்பித்துப் பல வருடங்கள் ஓடிவிட்டன. மேடை ஏறும் ஆசையெல்லாம் இல்லை. கல்யாண மண்டபத்தில் முதல் நாள் ராத்திரி தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கும் நாலு பேர் வாயைப் பிளந்தால் போதும். அந்த அளவுக்கு எது உதவியது, எது வெட்டி வேலை என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் கட்டு. சாதாரண ரம்மிக் கட்டிலும் பழகலாம்தான். ஆனால் சென்னை வெயிலில் உள்ளங்கை வேர்வை பட்டால் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விரியவே விரியாது. முழு பிளாஸ்டிக் கட்டு வேர்வைக்குத் தாங்கும், ஆனால் என் கைக்கு ரொம்ப வழுக்கல். இரண்டு சீட்டை ஒன்றுபோலத் தூக்கும்போது மேலே இருப்பது நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடுகிறது. கடைசியில் நிலைத்தது பைசைக்கிள் ரைடர் பேக். பைசைக்கிள் என்பது கட்டின் பிராண்ட், அந்தப் பெயர் அமெரிக்காவில் 1885 முதல் இருக்கிறது. சீட்டின் மேல்பரப்பில் நுணுக்கமான குழிகள் இருப்பதால் இடையில் கொஞ்சம் காற்று தங்கும், சீட்டுகள் சீராக நகரும். முதுகுப் பக்கத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தின் அருமை போகப் போகத்தான் தெரிந்தது. உள்ளே ஒரு சீட்டு முகம் மேலாகத் திரும்பிக் கிடந்தாலும், கட்டை லேசாக விரிக்கும்போது அந்த ஓரம் அதை மறைத்துவிடும். அகலம் சுமார் 63 மி.மீ. கை சிறியதாக இருப்பவர்கள் 57 மி.மீ. அகலமுள்ள பிரிட்ஜ் அளவுக் கட்டு வாங்கலாம்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அடையாளச் சீட்டு முறை. கை வேலை ஏறக்குறைய எதுவுமே இல்லை. கட்டைத் தட்டிச் சரிசெய்யும்போது அடியில் இருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். டைமன் நாலு என்று வைத்துக்கொள்வோம். எதிரில் இருப்பவர் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கட்டின் மேலே வைக்கிறார், கட்டை ஒருமுறை வெட்டுகிறார். இப்போது டைமன் நாலுக்கு நேர் கீழே அவருடைய சீட்டு. ஒற்றை வெட்டாக எத்தனை முறை வெட்டினாலும் அந்த ஜோடி பிரியாது. அப்புறம் மேலிருந்து ஒவ்வொன்றாக முகம் தெரியப் போட்டுக்கொண்டே வந்தால், டைமன் நாலுக்கு அடுத்து விழுவதுதான் விடை. இன்றைக்கும் யாராவது திடீரென்று "ஒண்ணு காட்டு" என்றால் இதைத்தான் காட்டுகிறேன்.

அடுத்தது கலைப்பதுபோல் கலைத்து ஒரு சீட்டைக் காப்பாற்றுவது. நம் வீடுகளில் எல்லோரும் கலைக்கிற அதே கலைப்புதான். எதிரில் இருப்பவர் பார்த்துவிட்டுக் கட்டின் மேலே வைத்த சீட்டின் மேல் விழும் முதல் சீட்டை மட்டும் நம் உடம்புப் பக்கமாக அரை சென்டிமீட்டர் நீட்டிவிட்டு, மிச்சத்தை அதன் மேல் கலைத்துப் போட வேண்டும். பிறகு நீட்டிய சீட்டைக் கட்டைவிரலால் தொட்டு, அதற்குக் கீழே பிரித்துக்கொண்டு, பிரிவு வரைக்கும் கலைத்துப் போட்டு, மீதியை மொத்தமாக மேலே வைத்தால் அவர் சீட்டு உச்சியில் இருக்கும். டிவி பார்த்துக்கொண்டே பழகலாம் என்பதால் எனக்குச் சீக்கிரம் கைக்கு வந்தது.

படுத்தி எடுத்தது டபுள் லிஃப்ட். இரண்டு சீட்டை ஒன்று என நம்பும்படி திருப்புவது. எடுத்த எடுப்பில் இதைத்தான் கற்றுத் தருகிறார்கள், எளிது என்றும் சொல்கிறார்கள். எளிதே இல்லை. சுண்டுவிரல் நுனியால் இரண்டு சீட்டுக்குக் கீழே சின்ன இடைவெளி பிடிப்பது ஒரு வாரத்தில் வந்துவிடும். ஆனால் ஒற்றைச் சீட்டை யாரும் அவ்வளவு பயபக்தியோடு திருப்புவதில்லையே, பார்ப்பவருக்கு அங்கேதான் சந்தேகம் வருகிறது. நிஜமாகவே ஒரே சீட்டை அலட்சியமாகத் திருப்பும்போது என் கை என்ன செய்கிறது என்று செல்போனில் படம் பிடித்துப் பார்த்து, இரண்டையும் அதேபோலத் திருப்பப் பழகிய பிறகே இது தேறியது. கண்ணாடியை நம்ப வேண்டாம். நம்மை அறியாமல் சரியான நொடியில் கண்ணைச் சிமிட்டிவிடுகிறோம்.

கை வேகமாக இருந்தால் கண்ணை ஏமாற்றலாம் என்பார்கள். அதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அர்ஜென்டினாவின் சீட்டு வித்தைக்காரர் ரெனே லாவான்ட் ஒன்பது வயதில் வலது கையை இழந்தவர். இடது கை ஒன்றால், வேண்டுமென்றே மெதுவாகச் செய்து காட்டியே உலகப் புகழ் பெற்றார். அவர் வீடியோக்களைப் பார்த்த பிறகு நானும் வேகத்தைக் குறைத்தேன். முக்கியமான அசைவை, எதிரில் இருப்பவர் சிரிக்கும்போதோ பதில் சொல்லும்போதோ செய்தால் போதும். ஒரு கேள்வி கேட்டு அவர் முகத்தைப் பார்த்தால் அவரும் நம் முகத்தைத்தான் பார்ப்பார்.

ஒரே வித்தையைத் திருப்பிக் காட்டக் கூடாது என்பதும் அனுபவம்தான். மூன்று முறை பார்த்தால் எந்த வித்தையையும் கண்டுபிடித்துவிடுவேன் என்று சவால் விட்ட புகழ்பெற்ற மாயாஜாலக்காரர் ஹௌடினியிடம், 1922-ல் சிகாகோவில் டாய் வெர்னான் என்ற சீட்டு வித்தைக்காரர் ஒரே வித்தையைத் திரும்பத் திரும்பக் காட்டி ஏமாற்றினார். மேலிருந்து இரண்டாவதாகச் செருகிய சீட்டு ஒவ்வொரு முறையும் மேலே வந்தது. சரி, அது வெர்னான். நமக்கு ஒருமுறை போதும்.

நேரம் தின்றது ஃபாரோ. கட்டை 26, 26 ஆகப் பிரித்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோப்பது. மேல் சீட்டு மேலேயே இருக்கும்படி பிசகாமல் 8 முறை செய்தால் 52 சீட்டும் பழைய வரிசைக்குத் திரும்பிவிடும். கணக்கு அழகுதான். ஆனால் கட்டு கொஞ்சம் பழசானாலே கோக்க மறுக்கிறது, வீட்டில் காட்டினால் யாரும் அசரவுமில்லை. ஒற்றைக் கையில் வெட்டும் அலங்காரங்களும் அப்படித்தான். அவற்றைப் பார்த்தவுடனேயே எதிரில் இருப்பவர் "இவன் கையில் ஏதோ இருக்கு" என்று உஷாராகிவிடுகிறார். ஏமாற்ற நினைப்பவனுக்கு அது பெரிய இடைஞ்சல்.

செலவு என்று பார்த்தால் கட்டுக்கு மட்டும்தான். பழக ஒன்று, காட்ட ஒன்று என்று தனித்தனியாக வைத்திருக்கிறேன். மற்றபடி நஷ்டம் ஒன்றுதான். "வீட்டுக்குள்ள சீட்டுக்கட்டா?" என்று முகம் சுளித்த அம்மா இப்போது பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்கிறார். ஆனால் காசு வைத்து ரம்மி ஆடும் சித்தப்பா, நான் உட்கார்ந்தால் கட்டைக் கலைக்க என் கையில் கொடுப்பதே இல்லை.