பிரஷர் மாத்திரைக்கு மரபணுப் பரிசோதனை என்று வருபவர்களிடம் பணம் கட்டும் முன்

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த மருத்துவ முகாமில், எந்த பிரஷர் மாத்திரை ஒத்துக்கொள்ளும் என்பதை மரபணுவே சொல்லிவிடும் என்ற பேச்சை நம்பி, 68 வயதான என் அம்மாவுக்காக 14,500 ரூபாய் கட்டினேன். மூன்று வாரம் கழித்து வந்த அறிக்கையில், ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரைக்கு நேரே பச்சை வட்டம் போட்டிருந்தார்கள். தொலைபேசியில் பேசிய அவர்களுடைய ஆலோசகர், அம்மா சாப்பிட்டு வந்த 12.5 மில்லிகிராமை 25 ஆக்கி, உப்பை அறவே விட்டு, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். ரத்தத்தில் சோடியம் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை; எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பதினோராம் நாள் காலையில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பருப்பெல்லாம் தீர்ந்து வெறும் சிரட்டை தெரிந்த பிறகும் கை நிற்கவில்லை. கூப்பிட்டால் என் பெயரை மாற்றிச் சொன்னார். மருத்துவமனையில் பார்த்தபோது சோடியம் 114. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. வேகமாக ஏற்றினால் மூளையைப் பாதிக்கும் என்பதால், அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்து, ஆறு நாள் வைத்திருந்து மெல்ல மெல்ல ஏற்றினார்கள்.

அந்த அறிக்கை முழுப் பொய்யாக இருந்திருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன். சிறுநீரகம் நாளொன்றுக்கு வடிக்கும் ஏறத்தாழ 180 லிட்டர் நீரிலுள்ள உப்பில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அதில் ஒரு சிறு பங்கு உள்ளே போகும் வழியைத்தான் இம்மாத்திரை அடைக்கிறது. அவ்வழிக்குரிய மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதாகவே வந்தால் உப்பு வீணாகிப்போகும் கிடெல்மன் நோய் வரும் என்பதும், நெட்4எல் மரபணுவின் ஒரு வகை உள்ளவர்களுக்கு இம்மாத்திரையால் பிரஷர் சற்றுக் கூடுதலாக இறங்குவதைச் சில ஆய்வுகள் கண்டன என்பதும் உண்மை. ஆனால் 1990களில் பெரிதாகப் பேசப்பட்ட அட்யூசின் மரபணு, பின்னர் ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்தபோது கைகொடுக்கவில்லை. அதையும் பச்சை வட்டத்துக்கு ஆதாரமாக இவர்கள் அச்சிட்டிருந்தார்கள்.

பிரஷர் எவ்வளவு இறங்கும் என்பது வேறு, சோடியம் எவ்வளவு இறங்கும் என்பது வேறு. மெலிந்த, வயதான பெண்களுக்கே சோடியம் அதிகமாக இறங்குகிறது என்பதை அறிய மரபணு தேவையில்லை. அம்மாவை ஒருமுறை கண்ணால் பார்த்திருந்தால் போதும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, மாத்திரை நன்றாகத்தானே வேலை செய்திருக்கிறது, அறிக்கை சரிதான் என்று பதில் வந்தது. அந்தச் சொல்லை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

வீட்டில் யாருக்காவது நீர் மாத்திரை தொடங்கினாலோ அளவைக் கூட்டினாலோ, ஓரிரு வாரத்துக்குள் சோடியம், பொட்டாசியம் பார்க்கும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தியும் விடாதீர்கள். அதே முகாமில் பணம் கட்டியவர்கள் ரசீதையும் அறிக்கையையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்யுங்கள், நான் செய்துவிட்டேன்.