தியானத்துக்குத் தரையா, நாற்காலியா?

சம்மணம் போட்டால்தான் தியானம் என்று நெல்லைப் பக்கம் பலரும் நினைக்கிறார்கள். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி கேட்டது இரண்டே: உட்காரும் நிலை அசையாமல் இருக்க வேண்டும், சுகமாகவும் இருக்க வேண்டும்.

தரையில் அடித்தளம் அகலம், உடம்பு ஆடாது. ஆனால் பத்தமடைக் கோரைப்பாய் மெலிசு. அதில் அப்படியே உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிட மேலே தூக்கி நின்றால், இடுப்பெலும்பு பின்னால் சாயும், முதுகு கூனும், மூச்சு வயிறுவரை இறங்காது. சீக்கிரமே கால் மரத்துப்போகும். ஒரு ஜமுக்காளத்தை மடித்து அடியில் போடுங்கள். முழங்கால் தாழும், முதுகு தானாக நிமிரும். இந்தச் சின்ன உயரத்தைப் பலர் சொல்லிக்கொடுப்பதே இல்லை.

நாற்காலியில் முழங்காலுக்குப் பாரமில்லை. சாய்ந்தால் தூக்கம் வரும். முன்னால் நகர்ந்து, இரு பாதமும் தரையில் பதிய உட்கார வேண்டும். கால் எட்டாவிட்டால் ஒரு மணைப்பலகை போதும்.

முக்கூடல் பக்கம் பகல் முழுக்க மடியில் சுளகோடு குனிந்து பீடி சுற்றும் பெண்களைச் சாயங்காலமும் சம்மணம் போடச் சொல்வது கொடுமை. அவர்களுக்கு நாற்காலிதான் என்று அடித்துச் சொல்வேன். மூட்டுத் தேய்ந்த ஆச்சி, தாத்தாமாருக்கும் அதுவே. முழங்கால் நன்றாக மடங்கும் இளவட்டங்கள் தரையில் பழகட்டும். கால் மரத்தால் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.