தருமபுரி வெயிலில் புலி நாய்: சடை விடுவதா, கத்தரிப்பதா?

ஹங்கேரியில் ஆடு மேய்க்கும் இந்த நாய் இனத்துக்குப் பெயரே புலிதான் (Puli), நீள முடி கயிறு கயிறாகத் திரிந்து சடையாகும். சடை விட்டால் கம்பீரம், ஆனால் சடைகள் அடியில் ஒட்டிக்கொள்ளும், தோல் வரை விரலால் பிரித்துவிட வேண்டும். குளிப்பாட்டினால் துண்டில் பிழிந்து பிழிந்து எடுத்து, மின்விசிறி முன்னால் உட்கார வைத்தாலும் முழுசாகக் காய ஒரு நாள்கூட ஆகும், உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை வாடை வந்துவிடும். மாந்தோப்புக்குள் ஓடிவிட்டு வந்தால் சடை முழுக்க நாயுருவி, உண்ணி இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

கத்தரித்தால் சீப்பு போதும், உண்ணி உடனே கையில் தட்டுப்படும். தோல் தெரிய மட்டும் மழிக்காதீர்கள், வெயில் சுடும், ஒரு அங்குலம் விடுங்கள். வெட்டிய சடை பழைய நீளத்துக்கு வரப் பல வருஷம் பிடிக்கும். ஓசூர்க் குளிர் என்றால் சரி, சடை விடலாம். தருமபுரியில் நான் கத்தரிதான் எடுப்பேன்.