கொப்புளத்தோடு வலிப்பும் வந்தால்: பச்சிளங்குழந்தைக்கு எந்த மருந்து?

பிறந்து இரண்டு நாளே ஆன பெண் குழந்தை. காலில் கோடு இழுத்தாற்போல் வரிசையாக நீர்க்கொப்புளங்கள். மறுநாள் ஒரு கை மட்டும் வெட்டி வெட்டி இழுக்கிறது. சாதாரண நடுக்கம் என்றால் கையை மெல்லப் பிடித்ததும் நின்றுவிடும். வலிப்பு என்றால் பிடித்த கைக்குள்ளேயே துடிக்கும்.

இன்கான்டினென்ஷியா பிக்மென்டி என்ற அரிய மரபணுத் தோல்நோய் இப்படியும் தலைகாட்டும். எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஐகேபிகேஜி மரபணுவின் பழுதுதான் காரணம் என்பது 2000-ல் தெரியவந்தது. இந்தப் பழுதுள்ள ஆண் கரு பெரும்பாலும் தங்குவதில்லை. அதனால் நோய் பெண் குழந்தைகளிடமே அதிகம். சுமார் 30 சதவீதம் பேருக்கு மூளையும் பாதிக்கப்படுகிறது. சிறு இரத்தக்குழாய்கள் அடைபட்டு, அழற்சியும் சேர்ந்துகொள்கிறது.

மருந்துக்கு வருவோம். வலிப்பை நிறுத்த பீனோபார்பிட்டோனா, லெவிடிராசிட்டமா? லெவிடிராசிட்டம் சாது மருந்து என்ற பெயர் வாங்கியது. பீனோபார்பிட்டோன் குழந்தையைத் தூங்கவைத்துவிடும், பால் குடிக்கவிடாது, மூச்சையும் மந்தமாக்கும். எலிக்குட்டிகளில் மூளைச் செல்களை அழித்ததாகவும் ஆய்வுகள் உண்டு. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் 2020-ல் வெளியான நியோலெவ்2 ஆய்வில் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். 24 மணி நேரம் வலிப்பே இல்லாமல் இருந்தவர்கள் பீனோபார்பிட்டோனில் 80 சதவீதம், லெவிடிராசிட்டத்தில் 28 சதவீதம். அது இந்த நோய்க்கென்று நடந்த ஆய்வு அல்ல, பச்சிளங்குழந்தை வலிப்புக்குப் பொதுவானது. இருந்தாலும் இவ்வளவு பெரிய இடைவெளியை ஒதுக்கிவிட முடியாது. மூச்சைக் கண்காணிக்க வசதியுள்ள இடத்தில் முதலில் பீனோபார்பிட்டோன், அடங்காவிட்டால் லெவிடிராசிட்டம் என்பதே என் பக்கம்.

இந்த இரண்டும் வலிப்பை அடக்கும், அவ்வளவுதான். மூளைக்குள் நடக்கும் அழற்சியை அவை தொடாது. அங்கேதான் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு பேச்சு வருகிறது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்ததும் வலிப்பு நின்றது என்று தனித்தனிக் குழந்தைகளைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள் உண்டு. படிக்கும்போது ஆசையாகத்தான் இருக்கிறது. சரி, ஆனால் இந்த மூளைத் தாக்குதல் பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வந்து, சிலரிடம் தானாகவே அடங்குவதும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து தராத குழு இல்லாமல், அடக்கியது மருந்தா காலமா என்று எப்படிச் சொல்வது? தொற்று, சர்க்கரை ஏற்றம், குடல் ஓட்டை என்று ஸ்டீராய்டின் பக்கவிளைவுகளும் பெரிது. குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்த உடனே டெக்சாமெத்தசோன் கொடுத்ததில் பெருமூளை வாதம் கூடியதையும் மறக்கக்கூடாது.

அதைவிட முக்கியமாக, கொப்புளமும் வலிப்பும் சேர்ந்து வந்தால் முதலில் பயப்பட வேண்டியது ஹெர்பீஸ் வைரஸ் தொற்றுக்கு. அது இல்லை என்று உறுதியாகும்வரை அந்த வைரஸுக்கான அசைக்ளோவிர் மருந்து ஓடட்டும். அதற்குமுன் ஸ்டீராய்டைத் தொடுவது ஆபத்து. ஹெர்பீஸ் இல்லை, எம்ஆர்ஐயில் புதுச் சேதம் தெரிகிறது, வலிப்பும் அடங்கவில்லை என்றால் மட்டும், பெற்றோரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் குறுகிய காலம் கொடுத்துப் பார்க்கலாம்.

இன்னொன்று: வீட்டுக்கு அனுப்பும்போது வலிப்பு மருந்து தொடரவேண்டுமா? உடனடிக் காரணத்தால் வந்த வலிப்பு முழுதாக அடங்கி, பச்சிளம் பருவத்திலேயே தொடங்கும் வலிப்பு நோய்க்கான அறிகுறியும் இல்லை என்றால், எம்ஆர்ஐயில் தழும்பு இருந்தாலும், வீட்டுக்குப் போகுமுன் நிறுத்திவிடலாம் என்கிறது 2023-ல் வந்த சர்வதேச வலிப்பு நோய்க் கழகத்தின் வழிகாட்டுதல். மாதக்கணக்கில் தூக்கக் கலக்கத்திலேயே அந்தக் குழந்தை வளர வேண்டியதில்லை.