டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டை: கரும்புக்கு வாங்கலாமா?

கரும்புத் தண்டைத் துளைக்கும் இடைக்கணுப் புழுவுக்கு வாங்கத் தகுந்த பொருள், அட்டை சரியாக இருந்தால். டிரைக்கோகிரம்மா என்பது பூச்சிகளின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அவற்றை அழிக்கும் மிகச்சிறிய குளவி.

1 சிசி (கன சென்டிமீட்டர்) அட்டையில் ஏறத்தாழ 18,000 அரிசி அந்துப்பூச்சி முட்டைகள் ஒட்டியிருக்கும். ஒட்டுண்ணி ஏறிய ஒவ்வொன்றின் உள்ளேயும் குளவிக் குஞ்சு முட்டையைத் தின்று வளர்கிறது. வாங்கும்போதே லென்ஸ் வைத்துப் பாருங்கள். கன்னங்கரேலென்று இருப்பவை ஒட்டுண்ணி ஏறியவை. வெளுத்த முட்டைகள் அதிகமென்றால் வேண்டாம். முட்டையில் ஊசிமுனை அளவு வட்ட ஓட்டை தெரிந்தால் குளவி ஏற்கெனவே பறந்துவிட்டது, நீங்கள் வாங்குவது வெறும் காகிதம். அட்டையில் புழு நெளிந்தால், அந்துமுட்டைகளைப் புற ஊதாக் கதிரில் சரியாகச் செயலிழக்கச் செய்யவில்லை என்று பொருள். அந்தப் புழு நல்ல முட்டைகளையும் தின்னும்.

நான்காம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை, ஏக்கருக்கு 1 சிசி, மொத்தம் 6 தடவை. சிறு துண்டுகளாகக் கத்தரித்து, குளவி வெளிவரும் நாளுக்கு முந்தைய மாலை, இலையின் அடிப்பக்கம் ஸ்டேப்ளர் போடுங்கள். முன்கூட்டியே கட்டினால் எறும்பு ஒன்றுவிடாமல் தூக்கிப்போய்விடும். பலர் ஏமாறுவது இங்கேதான். கனமழையும் கெடுக்கும். பூச்சிக்கொல்லி தெளித்த வயலில் கட்டுவது வீண்.

கரும்புக்குள் துளைத்துப்போன புழுவை இது தொடாது, முட்டையோடு சரி. ஆகவே சேதம் கண்ணில் பட்டபின் வாங்குவது தாமதம்.