ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பழைய செடான்: எது தாங்கும், எது செலவு வைக்கும்

பழைய செடான் பார்க்கப் போகிறவர்களின் கண் முதலில் ஓடோமீட்டரில்தான் விழும். 70,000 என்றால் முகம் மலரும், 1,30,000 என்றால் சுருங்கும். ஆனால் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள்தான் பெரிய செலவுகள் வரிசைகட்டி வருகின்றன: டைமிங் பெல்ட் (வால்வுகளை இன்ஜின் சுழற்சியோடு ஒத்து இயக்கும் பட்டை), கிளட்ச், முன் ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின் ரப்பர் இணைப்பு), இரண்டாவது செட் டயர், கியர்பாக்ஸ் ஆயில். 75,000-இல் விற்பனைக்கு வரும் வண்டி இத்தனையையும் வாங்குபவர் தலையில் கட்டிவிடலாம். 1,30,000 ஓடி, இவற்றை ரசீதோடு மாற்றியிருக்கும் வண்டியே பல சமயம் மலிவு. அதனால் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: எத்தனையாவது கிலோமீட்டரில் எதை மாற்றினீர்கள்?

இன்ஜினில் இருப்பது டைமிங் பெல்டா, அதே வேலையைச் செய்யும் உலோகச் செயினா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கெடுவும் உண்டு, வயதுக் கெடுவும் உண்டு. கையேட்டில் எது முன்னால் வருகிறதோ அதுதான் கணக்கு. குறைவாக ஓடிய 9 வயது வண்டியில் பழைய பெல்ட் அப்படியே இருந்தால் அது நல்ல செய்தி இல்லை. பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி வால்வு வளைந்துவிடும், இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றாமல் தீராது. மாற்றும்போது பெல்ட்டை இறுக்கி வைக்கும் டென்ஷனர், அதை வழிநடத்தும் ஐட்லர் உருளை, அந்த பெல்ட்டால் சுழலும் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். செலவில் பெரும்பங்கு கூலி. பம்ப்பை மட்டும் விட்டுவைத்து அது பிறகு ஒழுகினால் அதே கூலியை இரண்டாம் முறை கொடுக்க நேரும்.

செயினுக்கு மாற்றும் கெடு கிடையாது என்பார்கள். ஆயிலை ஒழுங்காக மாற்றிய வண்டிக்குத்தான் அது பொருந்தும். ஆயில் கெடு தவறிய இன்ஜினில் செயின் நீண்டு, டென்ஷனர் தளர்ந்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம் வரும், பிறகு அடங்கிவிடும். இன்ஜின் சூடானபின் கேட்காது. அதனால் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருவதற்குள் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் காலையில் போவது நல்லது.

ஆயில் மூடியின் உட்பக்கம் தார் போலப் படிந்திருந்தால் ஆயில் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். வெள்ளை நுரை இருந்தால் பயந்து ஓட வேண்டாம், குறுகிய தூரமே ஓடிய வண்டியில் ஈரப்பதம் தங்குவதாலும் அது வரும். கூலன்ட் டப்பாவையும் பாருங்கள். அங்கேயும் பழுப்புப் பிசுபிசுப்பு இருந்தாலோ, கூலன்ட் மட்டம் காரணமில்லாமல் இறங்கினாலோ ஹெட் கேஸ்கெட்டை (ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே உள்ள சீல்) சந்தேகிக்கலாம். நெடுநேரம் ஐடிலில் நின்று கிளம்பும்போது மட்டும் நீலப் புகை வந்தால் வால்வு சீல். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். முதலாவதைச் சமாளிக்கலாம், இரண்டாவதுக்கு இன்ஜினையே பிரிக்க வேண்டும்.

கிளட்ச் சோதனை எளிது. நான்காவது கியரில் 50 கிமீ வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்துங்கள். ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. டீசல் செடானில் டூயல் மாஸ் ஃப்ளைவீல் (அதிர்வைக் குறைக்கும் இரட்டைத் தட்டுச் சுழல்சக்கரம்) இருந்தால், அது கிளட்ச் பிளேட்டைவிட அதிகம் செலவு வைக்கும். இன்ஜினை அணைக்கும் நொடியில் கேட்கும் உலோகச் சத்தம் அதன் அறிகுறி. ஆட்டோமேட்டிக்கில் 'ஆயுள் முழுதும் மாற்ற வேண்டாத ஆயில்' என்ற வாக்கியத்தை நம்புகிறவர்கள் பெரும்பாலும் முதல் உரிமையாளர்கள். வண்டி இரண்டாம் கைக்கு வந்தபிறகு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, தயாரிப்பாளர் குறிப்பிட்ட ஆயிலையே ஊற்றி மாற்றுவது நல்லது. சிவிடி (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது, பொது ரக ஆயில் அதைக் கெடுத்துவிடும். நின்று கிளம்பும்போது சிவிடியோ, உலர் டூயல் கிளட்ச் (ஆயிலில் மூழ்காத இரண்டு கிளட்ச் கொண்ட ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸோ உதறினால் விலையைப் பேசாமல் திரும்பிவிடலாம். கியர்பாக்ஸ் மாற்றும் செலவு சில பழைய செடான்களின் விலையையே தொட்டுவிடும்.

சஸ்பென்ஷனில்தான் தேவையில்லாத பணம் அதிகம் போகிறது, காரணம் சத்தத்தைத் தவறாகப் படிப்பது. சின்னச் சின்ன மேடுகளில் 'டக் டக்' என்றால் முதலில் லிங்க் ராட் (வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு தண்டு). விலை குறைந்த உதிரி, அரைமணி வேலை. இதற்குப் போய் இரண்டு ஷாக்கையும் மாற்றிவிட்டு, சத்தம் போகவில்லையே என்று வருகிறவர்கள் ஏராளம். பிரேக் பிடிக்கும்போதோ ரிவர்ஸில் கிளம்பும்போதோ ஒரே ஒரு 'தொம்' வந்தால் லோயர் ஆர்ம் புஷ். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கறகறத்தால், ஸ்பிரிங் சுருள் துள்ளித் திரும்பினால், ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் மேல் பேரிங். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஓட்டும்போது 'டிக் டிக்' என்றால் வெளிப்பக்க சிவி ஜாயிண்ட் (சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் இணைப்பு). அதன் ரப்பர் பூட் கிழிந்ததைக் கவனிக்காமல் விட்டதன் பலன் அது. வேகத்தோடு ஏறும் 'ஹூம்' சத்தம், வளைவில் ஒரு பக்கம் சாயும்போது கூடிக் குறைந்தால் வீல் பேரிங். மாறாமல் இருந்தால் டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், மேடு பள்ளமாகத் தேய்ந்திருக்கும்.

பின்சக்கர அமைப்பும் செலவைத் தீர்மானிக்கும். இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே குறுக்குத்தண்டான டார்ஷன் பீம் இருந்தால் புஷ்கள் குறைவு, வெகுகாலம் தொந்தரவில்லை. ஒவ்வொரு சக்கரத்தையும் பல தண்டுகள் தாங்கும் மல்டிலிங்க்கில் சொகுசு கூடுதல், புஷ்களும் கூடுதல். பின்டயர்கள் உள்ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்டோடு நிறுத்தாமல் புஷ்களைப் பாருங்கள்.

செடானுக்கே உரிய இடம் டிக்கி. தரைவிரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில் இல்லாவிட்டால், சீலண்ட் விரலால் இழுத்த மாதிரி இருந்தால், பின்னால் அடிபட்ட வண்டி. வெறும் நீர் தேங்கியிருந்தால் பெரும்பாலும் டெயில் லேம்ப் கேஸ்கெட், சின்ன வேலைதான். வண்டல் மண் படிந்திருந்தால் கதை வேறு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, நீர்க்கோடு இருக்கிறதா என்று பாருங்கள், வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கழுவுகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். டிக்கி கீல் அருகே வளைந்து வளைந்து ஒயர் அறுவதும் செடானில் சகஜம். நம்பர் பிளேட் விளக்கு, டிக்கி பூட்டு, பின் கேமரா மாறி மாறி வேலைநிறுத்தம் செய்தால் புதிய கேமரா வாங்கும் முன் அந்த ஒயர்கள் ஓடும் ரப்பர் குழாயைப் பிரித்துப் பாருங்கள்.

ஏசிக்கு ஒரே விதி: கேஸ் தானாகத் தீர்வதில்லை. சர்வீஸ் ரசீதுகளில் வருடாவருடம் 'கேஸ் டாப்அப்' இருந்தால் எங்கோ கசிகிறது. முன்னால் உள்ள கண்டென்சர் என்றால் பரவாயில்லை. உள்ளே காற்றைக் குளிரவைக்கும் எவாப்பரேட்டர் என்றால் பல வண்டிகளில் டேஷ்போர்டையே இறக்க வேண்டும், உதிரியைவிடக் கூலி மிஞ்சும்.

வண்டியின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் எரர் கோடு இல்லை என்பது போதாது. விற்பதற்கு முன் அழித்திருக்கலாம். அழித்தபிறகு ஓடிய தூரத்தையும், ரெடினஸ் மானிட்டர்கள் (வண்டி தன்னையே செய்துகொள்ளும் சோதனைகள்) முடிந்திருக்கின்றனவா என்பதையும் பல வண்டிகளில் படிக்கலாம். பெட்ரோல் வண்டியில் லாங் டர்ம் ஃப்யூவல் டிரிம் (எரிபொருள் அளவில் கணினி நீண்டநாளாகச் செய்துவரும் திருத்தம்) கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்னும் பி0420 கோடு வந்தால் உடனே அதை மாற்றத் துடிக்காதீர்கள். சைலன்சர் கசிவையும் ஆக்சிஜன் சென்சாரையும் முதலில் பார்க்கலாம்.

பராமரிப்புச் செலவை இரண்டு கணக்காகப் பிரித்தால்தான் புரியும். ஓட்டத்தால் தேய்பவை: டயர், பிரேக் பேட், கிளட்ச், சஸ்பென்ஷன். இவற்றின் விலையை எதிர்பார்க்கும் ஆயுளால் வகுத்து ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயுள் ஒரு செட் டயருக்கு 45,000 கிலோமீட்டர், பெல்ட் கிட்டுக்குக் கையேட்டில் உள்ள எண். வயதால் கெடுபவை: பேட்டரி, பிரேக் ஆயில், கூலன்ட், ரப்பர் பாகங்கள். இவற்றை மாதத்தால் வகுக்க வேண்டும். டாட் 4 பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சியபின் அதன் தரவரம்பு 155. அதனால்தான் ஓட்டாவிட்டாலும் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். வருடம் 5,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இரண்டாவது கணக்குதான் பெரிது, அவர் டிபிஎஃப் (புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள டீசலைத் தொடவே வேண்டாம். நீண்ட ஓட்டம் இல்லாமல் அந்த ஃபில்டர் சேர்ந்த கரியை எரிக்காது.

வாங்கும் விலையில் 10 முதல் 15 சதவீதம் தனியாக ஒதுக்கிவிட்டுத்தான் பேரம் பேச வேண்டும். வண்டி கைக்கு வந்த முதல் வாரத்திலேயே இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர்களும், பிரேக் ஆயில், கூலன்ட் மாற்றிவிடுங்கள், விற்பவர் போன மாதம்தான் மாற்றினேன் என்றாலும். பெல்ட் மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள கடைசி 4 இலக்கம் 2219 என்றால் 2019-இன் 22-ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் வயதால் கெடுவதால், இவ்வளவு பழைய டயரில் தடம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அதன் விலையைப் பேரத்தில் கழித்துவிடலாம்.