வோஸ்வியூவர்: பொருளியலுக்குள் உளவியல் நுழைந்த கதைக்கு ஒரு வரைபடக் கருவி

இலவச ஆய்வு மென்பொருள் எதையாவது சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது வோஸ்வியூவர். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் நேஸ் யான் வான் எக், லூடோ வால்ட்மன் இருவரும் உருவாக்கியது. நான் பொருளியல் சிந்தனை வரலாறு நடத்துபவள், எனக்கு நிரல் எழுத வராது. அப்படிப்பட்ட ஆளும் மதியத்துக்குள் ஒரு மேற்கோள் வலைப்பின்னலை, அதாவது மேற்கோள்கள் வழியாக எந்தக் கட்டுரைக்கு எது உறவு என்று காட்டும் படத்தை, போட்டுவிடலாம். போட்ட படத்தை அன்றைக்கே நம்பிவிடக்கூடாது என்பதுதான் சிக்கல்.

எனக்கு இது தேவைப்பட்டது நடத்தைப் பொருளியலின், அதாவது மனிதர்கள் உண்மையில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று உளவியல் துணையோடு பார்க்கும் பொருளியலின், வரலாற்றுக்காக. 1955இல் ஹெர்பர்ட் சைமன் எழுதிய கட்டுரை, மிச்சிகனில் ஜார்ஜ் கட்டோனா நடத்திய நுகர்வோர் கணக்கெடுப்புகள், 1979இல் ‘எகனாமெட்ரிகா’ இதழில் வந்த உளவியலாளர்கள் கானெமன் - ட்வெர்ஸ்கியின் கட்டுரை, 1980இல் ரிச்சர்ட் தேலர் எழுதியது என்று உளவியல் பொருளியலுக்குள் பல வாசல்கள் வழியாக வந்திருக்கிறது. எந்த வாசல் யாருக்குத் திறந்திருந்தது? எல்லாக் கட்டுரைகளையும் உட்கார்ந்து படித்து இதைச் சொல்ல ஓர் ஆயுள் போதாது.

படத்தில் ஒவ்வொரு கட்டுரையும் ஒரு வட்டம். இரண்டு பழைய கட்டுரைகளைப் பிற்காலக் கட்டுரை ஒன்று சேர்த்து மேற்கோள் காட்டினால் அவற்றுக்கிடையே ஒரு கோடு. இதுதான் உடன்மேற்கோள் முறை. ஹென்றி ஸ்மால் 1973இல் முன்வைத்தது. 1963இல் கெஸ்லர் சொன்னது இதற்குத் தலைகீழ்: இரண்டு கட்டுரைகள் ஒரே பழைய நூலை மேற்கோள் காட்டினால் அவை உறவு. வோஸ்வியூவர் இரண்டையும் செய்யும். கெஸ்லர் முறையில் கட்டுரை அச்சான அன்றே உறவு முடிவாகிவிடுகிறது. உடன்மேற்கோளில் பின்னால் வருகிறவர்கள் அதை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். எனவே நாற்பது வருடத் தரவை ஒரே படமாகப் போட்டால் கிடைப்பது 1980களின் பொருளியல் அல்ல, நேற்றைய ஆய்வாளர்களின் ஞாபகம். காலவாரியாகப் பிரித்துத் தனித்தனிப் படமாகத்தான் போட வேண்டும். மென்பொருளில் அதற்குத் தனி வசதி கிடையாது, கோப்புகளை நாமே பிரித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு படமும் வேறு திசையில் திரும்பி நிற்கும் என்பதையும் மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். இடம் வலம் என்பதற்கு அங்கே பொருளே இல்லை. திருப்பவும் புரட்டவும் பொத்தான்கள் இருக்கின்றன.

நேரம் முழுவதையும் தின்பது பெயர்த் திருத்தம். வெப் ஆஃப் சயன்ஸ் என்ற சந்தா கட்டிப் பெறும் மேற்கோள் தரவுத்தளத்தில் மேற்கோள் ஒன்று முதல் ஆசிரியர், ஆண்டு, இதழ்ச் சுருக்கம், தொகுதி, பக்கம் என்று வரும். பக்க எண் ஓரிடத்தில் மாறினால் ஒரே கட்டுரை இரண்டு வட்டமாகிவிடும். சைமனின் நிர்வாக நடத்தை பற்றிய நூல் 1947, 1957, 1976 என்று பதிப்புக்குப் பதிப்பு வேறு ஆளாக வந்து நிற்கும். இனிஷியலால் ஒருவர் இருவராவது நமக்கொன்றும் புதிதல்ல, வாக்காளர் பட்டியலில் பார்த்திருக்கிறோம். இதற்கென்றே ஒரு சொற்பட்டியல் கோப்பைச் சேர்க்க மென்பொருள் இடம் தருகிறது: இடப்பக்கம் தவறான வடிவம், வலப்பக்கம் சரியான வடிவம். அந்தக் கோப்பைத் தயாரிக்காமல் போட்ட படத்தை நான் பார்ப்பதே இல்லை.

‘முதல் ஆசிரியர்’ என்ற அந்த ஒரு சொல்லில் பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. 1974இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த கட்டுரையில் ட்வெர்ஸ்கி முதலில், 1979 கட்டுரையில் கானெமன் முதலில். இந்தத் தரவை வைத்து ஆசிரியர்வாரியாக உடன்மேற்கோள் போட்டால் முதலாவது முழுக்க ட்வெர்ஸ்கி கணக்கிலும் இரண்டாவது முழுக்கக் கானெமன் கணக்கிலும் போய்ச் சேரும். சேர்ந்து யோசித்த இருவரைக் கருவி பாகப்பிரிவினை செய்துவிடுகிறது. கட்டுரைவாரியாகப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. நான் அதைத்தான் செய்கிறேன்.

அடுத்தது நிறங்கள். நெருங்கிய உறவுள்ள கட்டுரைகளை ஒரு திரளாக்கி ஒரே நிறம் கொடுக்கும். எவ்வளவு நுணுக்கமாகத் திரள் பிரிப்பது என்று சொல்லும் தெளிவு எண் இயல்பாக 1 என்றிருக்கும். அதைக் கூட்டினால் ஒரே நிறமாகக் கிடந்த கூட்டத்திலிருந்து நிதிச்சந்தைக்காரர்கள் கழன்றுபோவார்கள், இன்னும் கூட்டினால் ஆய்வக விளையாட்டுகளை வைத்துப் பரிசோதிக்கும் பொருளியலாளர்களும் தனிக்குடித்தனம் போவார்கள். ஆகவே “மூன்று சிந்தனைப் பள்ளிகள் தெரிகின்றன” என்று எழுதுகிறவர் எந்த எண்ணில் தெரிந்தது என்றும் எழுத வேண்டும். பலர் எழுதுவதில்லை. கோடுகளிலும் ஒரு பகுதியைத்தான் திரையில் காட்டும். வலுவில்லாத கோடுகள் மறைந்துவிடும். துறைகளைக் கடக்கும் உறவுகளோ பெரும்பாலும் அந்த மெல்லிய கோடுகளில்தான் இருக்கின்றன, மென்பொருளின் அமைப்புகளுக்குள் போய்க் கோடுகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள்.

துறைகளுக்கு நடுவே பாலமாக நிற்பவர் யார் என்று எண்ணில் சொல்ல வோஸ்வியூவரால் முடியாது. மற்றவர்களை இணைக்கும் வழிகளில் ஒருவர் எவ்வளவு நடுவே நிற்கிறார் என்ற இடைமை அளவைக் கணக்கிடக் கெஃபி என்ற வலைப்பின்னல் மென்பொருளுக்குத்தான் போக வேண்டும். வலைப்பின்னலை ஜிஎம்எல் என்ற வடிவக் கோப்பாக ஏற்றுமதி செய்தால் அங்கே திறக்கும். கெஃபி பெரிய கடல், நான் கரையிலேயே நின்று வேலையை முடித்துக்கொள்கிறேன்.

இனி, எந்தக் கருவியிலும் தெரியாதது. 1977-78இல் தேலரும் கானெமனும் ட்வெர்ஸ்கியும் ஸ்டான்ஃபோர்டில் இருந்தார்கள். 1984-85இல் தேலர் வான்கூவரில் கானெமனோடு ஓராண்டு இருந்தார். 1992இல் ரஸ்ஸல் சேஜ் அறக்கட்டளை நடத்தைப் பொருளியலுக்கென்று ஒரு வட்டமேசைக் குழு அமைத்துப் பணம் கொடுத்தது. இதில் எதற்கும் படத்தில் கோடு விழாது. கட்டோனாவின் நூல்கள் பிறர் மேற்கோளில் மட்டும் தலைகாட்டும். அவர் எந்த உளவியலாளர்களைப் படித்தார் என்ற பட்டியல் தரவிலேயே இல்லை, ஏனென்றால் அட்டவணைப்படுத்துவது இதழ்களைத்தான். மறுத்து எழுதியவரும் போற்றி எழுதியவரும் ஒரே தடிமனில் கோடு போடுகிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் பக்கத்துப் பக்கத்தில் பெயர் அச்சான சித்தப்பாக்கள் பேசிக்கொள்கிறார்களா என்று பத்திரிகையைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அதனால் படத்தில் தடிமனான கோடு ஒன்றைக் கண்டால், அந்த இரண்டையும் சேர்த்து மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் நாலைந்தை எடுத்து அந்தப் பத்தியைப் படித்துவிடுவேன். முன்னுரையில் ஒப்புக்குச் சொன்ன மேற்கோளா, வாதத்தின் முதுகெலும்பா என்று அப்போதுதான் தெரியும்.

வாங்குவதற்கு ஒன்றுமில்லை, செலவெல்லாம் தரவில்தான். கல்லூரிக்குச் சந்தா இல்லாதவர்கள் ஓப்பன்அலெக்ஸ் என்ற திறந்த தரவுத்தளத்திலிருந்து ஆரம்பிக்கலாம். வோஸ்வியூவரின் புதிய பதிப்புகள் அதிலிருந்து நேரடியாகவே தரவை எடுத்துக்கொள்கின்றன. பழைய கட்டுரைகளுக்கு மேற்கோள் பட்டியல் விடுபட்டிருப்பது அங்கே சகஜம் என்பதால், 1980க்கு முந்தைய காலத்துக்கு அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.